மூலாதாரம் ஒன்று கொண்டு வருக

தரம் பத்து, வரலாறு, முதலாம் அலகு.
இலக்கிய மூலாதாரம், தொல்பொருள் மூலாதாரம் என்று
கரும்பலகையை இரண்டாய்ப் பிரித்தேன்.
புத்தகத்தில் அனுராதபுரத்துக் குளங்கள்,
யன்னலுக்கு வெளியே முத்தையன்கட்டு வாய்க்கால்.
வீட்டிலிருந்து பழைய பொருள் ஒன்று
வியாழனுக்குள் கொண்டு வரவேண்டும், ஐந்து புள்ளி.
வழிகாட்டி நூல் அப்படித்தான் சொல்கிறது.
அதை எழுதியவர்
ஏதோ ஒரு பழைய வீட்டில் இருந்திருப்பார்.

மேசைக்கு வந்தவை கொஞ்சம்தான்.
செட்டிகுளம் முகாமின் குடும்ப அட்டை,
வலயம் தெரிகிறது, கூடார இலக்கம் அழிந்துவிட்டது.
கதவு இல்லாத ஒரு திறப்பு.
ஒரு ரூபாய்க் குத்தி, எழுபத்தெட்டாம் ஆண்டு;
குடியியல் புத்தகத்து அரசியலமைப்புக்கும் அதே வயது.
ஒருவன் சீமெந்துப் பையை மடித்துக் கொண்டு வந்தான்.
இது எந்தக் காலம் என்றேன்.
"வீட்டுத்திட்டக் காலம், ரீச்சர்."
பொலநறுவைக் காலம், தம்பதெனியாக் காலம் என்று
எழுதிப் பழகிய பிள்ளைகள் சிரித்தார்கள்.

டினோஜன் கடைசியாக வந்தான்.
தகப்பனுக்கு ஒட்டுசுட்டானில் மரக்காலை வேலை.
தேக்கு, குறுக்காய் அறுத்த துண்டு,
சோற்றுக் கோப்பை அகலம்.
நடுவுக்கும் பட்டைக்கும் இடையில் கறுத்த கறை,
கறைக்குள் நகத்தளவு இரும்பு.
"வாளின்ர ரெண்டு பல்லுப் போட்டுது,
முதலாளி ஏசிப்போட்டு எறிஞ்சிட்டார்."

சுவரில் கண்ணிவெடி எச்சரிக்கைப் படம்,
தெரியாத பொருளைத் தொடாதே என்று.
நானும் ஓர் அடி பின்னுக்குப் போனேன்.
அவன் குண்டூசியால்
இரும்பிலிருந்து வெளிப்பக்கமாக
வளையம் வளையமாய்க் குத்தி எண்ணினான்.
வகுப்பும் சேர்ந்து எண்ணியது, வாய்பாடு மாதிரி.
பதினைந்தில் பட்டை வந்துவிட்டது.
ஒருவரும் பேசவில்லை.
பிறகு பின்வாங்கிலிருந்து கீர்த்தியன்,
"எங்கட வயசு, ரீச்சர்."

சீட்டு எழுதவேண்டும்:
பொருள், காலம், இடம், யாருடையது.
மூன்று வரி உடனே நிரம்பியது.
நாலாவதில் மணி அடித்தது.
அடுத்த பாடம் குடியியல், அதற்கும் நான்தான்.
ஜனநாயகம் என்ற அலகு.
கையை உயர்த்துங்கள் என்றேன்.
கொண்டு வந்தவனுக்குப் பதினொன்று,
மரத்துக்கு ஒன்பது,
வெறுமையாய் விடுவோம் என்பதற்கும் ஒன்பது.
எறிந்தவருக்கு ஒரு கையும் எழவில்லை.
அந்தப் பெயர் புத்தகத்தில் இல்லையே என்றாள் ஒருத்தி.

யதுர்சிகா எதற்கும் கை உயர்த்தவில்லை.
ஒன்றும் கொண்டு வரவும் இல்லை.
"எங்கட வீட்டில எல்லாம் பிறகு வாங்கினது.
அம்மாட்டக் கேட்டன், ரீச்சர்.
பழசு எண்டால் நான்தான் பிள்ளை,
என்னைக் கொண்டு போ எண்டவ."

வாய்மொழியும் மூலாதாரம்தான் என்று
பலகையில் மூன்றாவது கோடு கீறினேன்.
இடம் போதவில்லை,
அனுராதபுரத்தைக் கொஞ்சம் அழிக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வியாழன் அம்மா உண்மையிலேயே வந்தா.
ஆடைத் தொழிற்சாலையில் அரைநாள் லீவு,
கழுத்துப் பெயரட்டை கழற்றவில்லை.
பின்வாங்கில் ஒடுங்கி இருந்து
தேக்குத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.
குண்டூசித் துளைகளை விரலால் தடவினா.
என் கைபேசியில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது.
"இது சோதினைக்கு வருமோ, ரீச்சர்?"
இல்லை என்றேன்.
"அப்ப ஏன்?"

முப்பத்தெட்டு நிமிடப் பதிவு.
மிச்சமெல்லாம் கச்சான் காற்று,
வாங்கு இழுபடும் சத்தம்,
யாரோ தும்முவது.
இரவில் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன்,
எங்கேயாவது நான் பதில் சொல்லியிருக்கிறேனா என்று.

யதுர்சிகாவுக்கு ஐந்துக்கு ஐந்து.
தவணை முடிவில் வலயத்திலிருந்து ஆலோசகர் வந்தார்.
புள்ளிப் பதிவேட்டில் விரல் வைத்து,
இந்தப் பிள்ளையின் பொருள் எங்கே என்றார்.
தொழிற்சாலை பஸ்ஸில் ஆறரைக்கு வரும் என்றேன்.
எழுதிக்கொண்டார்.